பொறியில பூச்சி விழலைன்னா மருந்தை விட்டுடலாமா?
ஆப்பிள் தோட்டத்துல இனக்கவர்ச்சிப் பொறி (பெண் பூச்சியோட வாசனையை வச்சு ஆணை இழுக்கிற பொறி) காலியாவே இருக்கு, மருந்து வேணாமான்னு கேட்டிருக்கீங்க. அவசரப்படாதீங்க. அதுல விழுறது ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான், முட்டை வைக்கிற பெண் வெளிலதான் சுத்திட்டிருக்கும், அதுவும் அதே வாசனையைப் பரப்பி இனச்சேர்க்கையைக் குழப்புற டிஸ்பென்சர் மரத்துல கட்டியிருந்தா ஆணுக்குப் பொறி இருக்கிற இடமே தெரியாது, அப்போ ஜீரோங்கிறதை நம்பவே முடியாது.

பொறியோட நிஜ உபயோகம் தேதி பிடிக்கிறதுதான். காட்லிங் அந்துப்பூச்சி (இதோட புழுதான் ஆப்பிளைத் துளைக்கும்) தொடர்ந்து விழ ஆரம்பிச்ச நாள்லேர்ந்து, தினசரி சராசரி வெப்பம் 10 டிகிரி செல்சியஸுக்கு மேல எவ்ளோ இருக்கோ அதைக் கூட்டிட்டே வாங்க, சுமார் 140 வந்தா முட்டை பொரிய ஆரம்பிக்கும், புழு காய்க்குள்ள போயிட்டா மருந்து வீண். வாரம் ஒருதடவை காயையும் பாருங்க, முக்கியமா மர உச்சில.

பாதாம்னா குளிர்காலத்துல மரத்துலயே ஒட்டிட்டிருக்கிற பழைய கொட்டையை உடைச்சுப் பாருங்க, பாதாம் பருப்பைத் தின்கிற நேவல் ஆரஞ்சுப் புழு அதுக்குள்ளதான் தங்கும்.