அவன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. படக்கதைகளைத் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. அதிலும் ஒரே புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் புரட்டுகிறான். தேடித் தேடி நல்ல கதைப் புத்தகங்களாக வாங்கிக் கொடுத்தேன். ஒன்றிலும் பத்துப் பக்கம் தாண்டவில்லை. ஒரு புத்தகம் முடித்தால் ஒரு பரிசு என்றும் சொல்லிப் பார்த்தேன். என்னதான் செய்வது?

பதில்: உங்கள் மகன் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். நீங்கள் வாங்கியதைத்தான் படிக்கவில்லை.

படக்கதை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 1988இல் ஹேய்ஸ், ஆரென்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஆங்கிலத்தில் இதை எண்ணியே பார்த்தார்கள். படித்த பெரியவர்களின் பேச்சில் வருவதைவிடப் படக்கதைகளில் அரிய சொற்கள் அதிகம். ஒரே புத்தகத்தைத் திரும்பப் படிப்பதிலும் குற்றமில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற பரபரப்பு தீர்ந்த பிறகுதான், முதல் தடவை விட்டுப்போன சொற்களும் சின்னச் சின்ன விவரங்களும் கண்ணில் படும். நமக்குப் பிடித்த பாட்டை நாம் ஒரே ஒரு முறையா கேட்கிறோம்?

பரிசை இன்றோடு நிறுத்திவிடுங்கள். 1973இல் லெப்பர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும், படம் வரைவதில் ஆசையுள்ள மழலைகளில் சிலரிடம் மட்டும் ‘வரைந்தால் சான்றிதழ் தருவோம்’ என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்தார்கள். ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் தாங்களாக வரைவது குறைந்திருந்தது. சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. கூலி பேசியதும் விளையாட்டு வேலையாகிவிடுகிறது. புத்தகத்துக்கும் அதே கதைதான். பரிசுக்காகப் படிக்கிற பிள்ளை அலமாரியில் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகத்தைத்தான் எடுக்கும். அது புத்திசாலித்தனம், சோம்பேறித்தனம் இல்லை.

சரி, யார் தேர்ந்தெடுப்பது? அவன்தான். ஒரு நூலகத்தில் பார்த்தேன்: ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி, சுறா மீன் படம் போட்ட தடிமனான புத்தகம் ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். “இது உனக்குப் புரியாது, வைத்துவிட்டு வா” என்றார் அப்பா. வைத்தாள். கைக்கு அகப்பட்ட வேறொன்றை உருவிக்கொண்டு வந்து, அட்டையைக்கூடப் பார்க்காமல் “இது போதும்” என்றாள். அதை அவள் வீட்டில் திறந்தே இருக்க மாட்டாள்.

அந்த அப்பா சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. ரெக்ட், லெஸ்லி ஆகியோரின் 1988ஆம் ஆண்டு ஆய்வில், வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் பேஸ்பால் நன்றாகத் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் அந்த ஆட்டம் தெரியாதவர்களைவிட, அதைப் பற்றிய பத்தியை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். பித்து இருக்கும் விஷயத்தில் பிள்ளைகள் தம் உயரத்துக்கு மேலேயே எட்டிப் பறிப்பார்கள். உங்கள் மகனுக்கு எதில் பித்து? பாம்பா, ராக்கெட்டா, கால்பந்தா? அங்கிருந்து தொடங்குங்கள், அது கதைப் புத்தகமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அதற்காக நூலகத்தின் நடுவில் நிறுத்தி “எடுத்துக்கொள்” என்றாலும் திணறிப்போவான். ஆறேழு புத்தகங்களை, முதுகு தெரிய அடுக்காமல் அட்டை தெரியும்படி அவன் கண்மட்டத்தில் வையுங்கள். அதில் இரண்டு படக்கதையாகவே இருக்கட்டும். கடினமா என்று சந்தேகம் வந்தால், நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்கச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் ஐந்து விரலும் மடங்கினால் கடினம் என்று பொருள். அப்படியும் அதுதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் பிடுங்காதீர்கள்; இரவில் நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். 9 வயது அதற்கெல்லாம் ஒன்றும் பெரிய வயதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். வாய்விட்டுப் படிக்கும்போது அடிக்கடி வரி தவறுகிறானா, எளிய சொற்களிலும் திக்குகிறானா, தலைவலி என்கிறானா? அப்படியானால் புத்தகத்தை மாற்றிப் பயனில்லை. முதலில் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், அப்புறம் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

பத்துப் பக்கத்தில் நின்றுபோன அந்தப் புத்தகங்களைப் பற்றி இனிப் பேச்செடுக்க வேண்டாம். ஒரு ஓரமாகக் கிடக்கட்டும். ஆறு மாதம் கழித்து ஏதாவது ஒன்றை அவனே எடுத்தாலும் எடுப்பான். அப்போது “நான் அன்றைக்கே சொன்னேன் பார்த்தாயா” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.