கோடியக்கரைக் குதிரை காட்டுக் குதிரையா? – வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: கோடியக்கரைச் சரணாலயத்தில் குதிரைகள் கூட்டமாக மேய்வதைப் பார்த்தோம். உடன் வந்தவர் ‘காட்டுக் குதிரை’ என்றார். சரியா?

காட்டில் இருக்கும் குதிரைதான், ஆனால் காட்டுக் குதிரை அல்ல. மனிதர் வளர்த்த மட்டக்குதிரைகளின் வம்சம் அது. எப்போதோ அவிழ்த்துவிடப்பட்டவையும் தப்பியவையும் அங்கேயே பெருகிவிட்டன. இன்று அங்கே துள்ளும் குட்டி மனிதக் கையையே அறியாததாக இருக்கலாம். அதற்காக அதன் பிறவி மாறிவிடாது. தெருநாயை நாம் ஓநாய் என்று சொல்வதில்லையே!

இது வெறும் பெயர்த் தகராறு அல்ல. 1967இல் அந்தச் சரணாலயம் அமைந்ததே வெளிமானுக்காகத்தான். குதிரையும் வெளிமானும் ஒரே புல்லை நம்பி வாழ்கின்றன. போதாக்குறைக்கு, சீமைக்கருவேலங்காய் என்றால் குதிரைக்குக் கொள்ளைப் பிரியம். விதை செரிக்காமல் லத்தியோடு விழும், அடுத்த மழையில் அங்கேயே முளைக்கும். புல்வெளி முட்புதராவது இப்படியும்தான். அழகாக இருக்கிறது என்பதற்காகக் குதிரையின் பக்கமே நிற்க என்னால் முடியாது.

கேள்வி: அப்படியானால் அசல் காட்டுக் குதிரை எங்கேதான் இருக்கிறது?

மங்கோலியப் புல்வெளியில். அங்கே ‘தாகி’ என்பார்கள், விலங்கியலில் ப்ரெஸ்வால்ஸ்கி குதிரை. குட்டையான, தடித்த கழுத்து. பிடரிமயிர் சரிந்து விழாமல் விறைத்து நிற்கும். நம் குதிரைகளுக்கு நெற்றியில் புரளும் முன்மயிர் இதற்கு இல்லை. வாயைச் சுற்றி வெளிறியிருக்கும், கால்களில் மங்கலான வரிகள் ஓடும். வளர்ப்புக் குதிரைக்கு 64 குரோமோசோம், இதற்கு 66. ஆனாலும் இரண்டும் கூடினால் பிறக்கும் குட்டி, கோவேறு கழுதைபோல் மலடாவதில்லை.

1960களின் இறுதியோடு இயற்கையில் இது கண்ணில் படாமல் போயிற்று. விலங்குக் காட்சியகங்களில் எஞ்சியவற்றுள் பத்துப் பன்னிரண்டு குதிரைகளின் வழிவந்தவைதான் இன்றுள்ள அத்தனையும். 1992இல் மீண்டும் மங்கோலியாவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள்.

இதிலும் ஒரு வழக்கு உண்டு. சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் கஜகஸ்தானின் போட்டாய் மக்கள் வைத்திருந்த குதிரைகளின் வழித்தோன்றலே தாகி என்று 2018இல் ஒரு மரபணு ஆய்வு சொன்னது. அப்படிப் பார்த்தால் தாகியும் கட்டறுத்து ஓடியதுதான்! போட்டாய் மக்கள் அவற்றை வளர்க்கவில்லை, வேட்டையாடினார்கள் என்பது எதிர்த்தரப்பின் வாதம். எனக்கு எதிர்த்தரப்பின் வாதமே வலுவாகப் படுகிறது. நாம் ஏறி ஓட்டும் குதிரைகளின் கதை வேறு. அவற்றின் பிறப்பிடம் ரஷ்யாவின் வோல்கா, டான் ஆறுகளை ஒட்டிய புல்வெளி. அங்கிருந்து அவை பரவத் தொடங்கிச் சுமார் 4,200 ஆண்டுகள் ஆகின்றன.

கேள்வி: அமெரிக்காவில் கட்டற்றுத் திரியும் மஸ்டாங் குதிரையைச் சட்டமே காட்டுக் குதிரை என்கிறதாமே?

ஆம், 1971ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் மஸ்டாங்கின் முன்னோர் 16ஆம் நூற்றாண்டு முதல் ஸ்பானியர் கப்பலில் கொண்டுவந்த வளர்ப்புக் குதிரைகள். வேடிக்கை என்னவென்றால், குதிரையினம் உருவானதே வட அமெரிக்காவில்தான். ஏறக்குறைய 10,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே அற்றுப்போயிற்று. ‘வந்தேறி அல்ல, வீடு திரும்பியது’ என்று மஸ்டாங் அன்பர்கள் வாதிடுவதற்கு இதுதான் பிடி.

கேள்வி: இலங்கையின் நெடுந்தீவுக் குதிரைகள் எந்த வகை?

கோடியக்கரைக் குதிரைகளின் வகைதான். போர்த்துக்கீசர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழி வந்தவை. ஒல்லாந்தர் கட்டிய லாயத்தின் தூண்களை இன்றும் தீவில் பார்க்கலாம். அங்கே பெரிய துன்பம் தண்ணீர். கடும் வறட்சியில் குளங்கள் வற்றினால் குதிரைகள் மடிகின்றன. மனிதர் கொண்டுவந்து விட்ட விலங்குக்குத் தொட்டியில் தண்ணீர் நிரப்புவதை இயற்கையில் தலையிடுவது என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

கேள்வி: லாடம் இல்லாமல் இவை எப்படிச் சமாளிக்கின்றன?

நடந்துதான். கெட்டித் தரையில் நாள் முழுக்க மேய்ந்து திரிந்தால் குளம்பு வளர வளரத் தேய்ந்துவிடும். தார்ச்சாலையும் சுமையும் சேரும்போதுதான் லாடம் தேவைப்படுகிறது.

கேள்வி: பிள்ளைகள் பிஸ்கட் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். கொடுக்கலாமா?

கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாதது உள்ளே போனால் வயிற்றுவலியில் தரையில் புரண்டு புரண்டு சாகவும் கூடும். தின்னக் கொடுத்துப் பழக்கிய குதிரை, கை நீட்டாதவரைக் கடிக்கவும் செய்யும். பின்பக்கமாகப் போய்ப் படம் எடுப்பதும் வேண்டாம்.