பழைய காரைப் பேணுதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 1998-ஆம் ஆண்டின் கார்பரேட்டர் மாருதி 800 உள்ளது. நெடுஞ்சாலையில் தொந்தரவு எதுவும் இல்லை. ஊருக்குள் நெரிசலில் சிறிது நேரம் நின்றாலே வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்குகிறது. ரேடியேட்டருக்கு வீட்டின் போர் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். இன்ஜின் சூடான பிறகு ரேடியேட்டருக்கு நீரைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடலாம் என்று மெக்கானிக் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: தெர்மோஸ்டாட்டில் தயவுசெய்து கை வைக்க வேண்டாம். ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை மின்விசிறி செய்தாக வேண்டும். எனவே உங்கள் வண்டியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது விசிறியைத்தான். இன்ஜினை ஓடவிட்டு, முள் நடுப்பகுதியைத் தாண்டும்போது விசிறி சுழல்கிறதா என்று பாருங்கள். சுழலவில்லை என்றால் ஃபியூஸைச் சோதியுங்கள். பிறகு இன்ஜினை அணைத்து, விசிறி மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். அப்போது சுழன்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, பழுது வெப்ப சுவிட்சிலோ ரிலேயிலோ வயரிலோ இருக்கிறது என்று பொருள். சூடான இன்ஜினில் விசிறி எந்த நொடியிலும் தானாகச் சுழலத் தொடங்கலாம் என்பதால், விரல்களை அதன் அருகே கொண்டுபோகாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். போர் தண்ணீரில் உள்ள உப்புகள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கின்றன, துருவும் சேர்ந்துகொள்கிறது. இன்ஜின் முழுவதும் ஆறிய பிறகு மூடியைத் திறந்து, வடியும் நீரை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துப் பாருங்கள். அது செம்பழுப்பாக இருந்தால், தெளிந்த நீர் வரும்வரை கழுவியபின், துருத் தடுப்பு மருந்து கலந்த கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். கூலன்ட் இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு. வடித்ததைத் தெருநாய்கள் நக்கும்படி தரையில் விடாதீர்கள். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வாஷரையும் கவனியுங்கள். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் உள்ளே இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் இன்ஜின் உரிய வெப்பத்தை எட்டத் தாமதமாகும், பெட்ரோல் அதிகம் செலவாகும், தேய்மானமும் கூடும். அது சரியாக இருக்கிறதா என்று அறிய அடுப்பே போதும். அதை நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் அடியைத் தொடாமல் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதன்மேல் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டி வால்வு திறக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும் சூடு தணியவில்லை, ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்தாற்போல் வெளுத்திருக்கிறது என்றால், இன்ஜினின் தலைப்பகுதிக்கும் உடற்பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும். அது வீட்டில் செய்யும் வேலை அன்று.

கேள்வி: 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய வண்டிக்கு ஆகுமா?
வாசகி, நாகர்கோவில்

பதில்: இந்தக் கலவையைத் தாங்கும் பொருள்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில்தான். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் உப்பவும் வெடிக்கவும் செய்கிறது. டேங்கிலிருந்து, பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்பரேட்டர் வரை ஹோஸ்களை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழவென்றோ வெடிப்புடனோ இருந்தால், எரிபொருளுக்கென்றே தயாரித்த ஹோஸ்களாக மாற்றுங்கள். எத்தனால் ஈரத்தையும் ஈர்ப்பதால், வண்டியை நெடுநாள் ஓட்டாமல் நிறுத்துவது நல்லதன்று.

கேள்வி: ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் படுத்து ஆயில் மாற்றலாமா?
வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. வண்டியைத் தாங்கி நிற்க வேண்டியது ஸ்டாண்டு. சமதளத்தில் கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, முன்புறத்தை இரண்டு ஸ்டாண்டுகள்மேல் இறக்கி, வண்டியைக் கையால் அசைத்துப் பார்த்த பிறகே அடியில் செல்லுங்கள். செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். பாரம் ஏறினால் செங்கல் முன்னறிவிப்பின்றிப் பிளந்துவிடும்.