கவுன்சிலிங்குக்குப் போகாமல் இருந்தால் கேஸ் நின்றுவிடுமா?

கேள்வி: கணவர் விவாகரத்து கேட்டு குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டு, எனக்குச் சம்மன் வந்திருக்கிறது. முதலில் கவுன்சிலிங்காம். அங்கே 'அனுசரித்துப் போம்மா' என்று அவரோடு அனுப்பிவிடுவார்கள், அங்கே போகாமலே இருந்துவிடு, கேஸ் தானாக நின்றுவிடும் என்கிறார் சித்தி. வக்கீல் வைக்கக் காசில்லை. 4 வயதில் மகன் இருக்கிறான்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை

பதில்: சித்தி பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள். கேஸ் நிற்காது. வாய்தா அன்று டவாலி (நீதிமன்ற ஊழியர்) வாசலில் நின்று உங்கள் பெயரை மூன்று முறை கூப்பிடுவார், ஆள் இல்லையென்றால் ஒன்றிரண்டு வாய்தா பார்த்துவிட்டு 'எக்ஸ்பார்ட்டி' என்று எழுதி, கணவர் சொன்னதை மட்டும் கேட்டே தீர்ப்பு சொல்லிவிட முடியும்.

கவுன்சிலிங் உங்களை மடக்க வைத்த பொறி இல்லை. கணவன் மனைவி சண்டையைச் சொத்துத் தகராறு மாதிரி நடத்தக்கூடாது என்றுதான் 1984-ல் இந்த நீதிமன்றங்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. சமரசத்துக்கு வழி இருக்கிறதா என்று முதலில் முயற்சி செய்வது நீதிபதியின் கடமை என்று அதிலேயே இருக்கிறது. முயற்சிதான், சமரசமாகியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 'அனுசரித்துப் போ' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் உங்களுக்கு இஷ்டமில்லை என்றால் 'முடியாது' என்று சொல்லிவிட்டு எழுந்து வரலாம், கேஸ் அடுத்த கட்டத்துக்குப் போகும். எந்தத் தாளையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், அவ்வளவுதான். நாலு பேர் முன்னால் வீட்டு விஷயத்தைப் பேசக் கூச்சமாக இருந்தால், மூடிய அறையில் விசாரிக்கச் சொல்லிக் கேட்கவும் உரிமை உண்டு.

சரி, காசு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு எழுதிக் கொடுங்கள், வக்கீல் தருவார்கள். இந்த நீதிமன்றத்தில் வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு மனு போட வேண்டும், அதை அவரே பார்த்துக்கொள்வார். அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியது இடைக்கால ஜீவனாம்சம். இந்துத் திருமணச் சட்டப்படி, கேஸ் முடியும்வரை காத்திருக்காமல் மாதச் செலவும் வழக்குச் செலவும் கேட்கலாம். 2020-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி இருவரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும், அதனால் கணவருடைய சம்பள விவரம் ஏதாவது கையில் இருந்தால் பத்திரமாக வையுங்கள்.

பையனைப் பற்றிப் பெரிதாகப் பயம் வேண்டாம். இந்துச் சட்டத்தில் 5 வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான்.

துணைக்குச் சித்தியையே கூட்டிப் போங்கள், தப்பில்லை. கவுன்சிலிங் அறைக்குள் மட்டும் அவர் வேண்டாம்.