அடியில் 'நிப்பான்' என்று இருந்தால் போதுமா?

கேள்வி: பழைய பொருள் விற்பவரிடம் ரோஜா வரைந்த ஜப்பான் பீங்கான் ஜாடி ஒன்றைப் பார்த்தேன். அடியில் பச்சை நிற இலைவளையம், 'கையால் வரைந்தது, நிப்பான்' என்று ஆங்கிலத்தில். நூறு வருஷப் பழசு என்கிறார். நம்பி வாங்கலாமா?

பதில்: அவர் கணக்கு வெறும் கதையல்ல. இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் 1890 மெக்கின்லி சுங்கச் சட்டம் சொன்னது. 1891 முதல் ஜப்பானியர் தங்கள் மொழியில் நாட்டின் பெயரான 'நிப்பான்' என்று பொறித்தார்கள். அது ஜப்பானியச் சொல், 'ஜப்பான்' என்றே போடுங்கள் என்று 1921ல் சுங்கத்துறை மாற்றிவிட்டது. ஆக, முத்திரை உண்மையானால் ஜாடி அந்த முப்பது வருஷத்துக்குள் செய்தது.

ஆனால் ஒரு ஜாடியில் போலி செய்ய மிகச் சுலபமானது முத்திரைதான். இலைவளையத்துக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நோரிடாகே என்ற ஜப்பானியக் கம்பெனியின் பீங்கானை அமெரிக்காவுக்கு அனுப்பிய மொரிமுரா சகோதரர்களைக் குறிக்கும் 'எம்' எழுத்து இருக்க வேண்டும். அந்த இடத்தில் மணற்கடிகாரம் போல ஏதாவது தெரிந்தால் பேசாமல் வந்துவிடுங்கள். 'எம்' சரியாக இருந்தாலும் நிம்மதியடைய வேண்டாம், அதையும் காப்பியடித்திருக்கிறார்கள்.

அப்புறம் ரோஜாவுக்கு வாருங்கள். லென்ஸில் பார்த்தால் நிறம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பிரிகிறதா? அது அச்சுப்படம். தூரிகை போன இடத்தில் இதழ் ஓரம் ஒரு பக்கம் அடர்ந்து, மறுபக்கம் கரைந்திருக்கும். எந்த இரண்டு இதழும் அச்சாக ஒன்றுபோல இருக்காது. தங்கக் கோட்டையும் விடாதீர்கள். கைபடும் பிடியிலும் விளிம்பிலும் கொஞ்சம் தேய்ந்திருப்பது நல்ல அடையாளம். எங்குமே தேயாமல் பளபளத்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

மண்பானை வாங்குவதுபோல விரலால் சுண்டிப் பாருங்கள். மங்கலாக 'டொக்' என்றால் எங்கோ கீறல். ரூபாய் நோட்டு சோதிக்கும் புற ஊதா டார்ச் கிடைத்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். ஒட்டிப் பூசிய இடம் பெரும்பாலும் தனி நிறத்தில் மினுங்கும். ஒட்டு இருந்தால் விலையைத் தாராளமாகக் குறைத்துக் கேளுங்கள்.

வாங்கிவிட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். தங்கம் மெருகின் மேலே பூசியது, கையோடு வந்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி போதும்.