எனக்குத் தந்தால் குரெரு, அவனுக்குக் கொடுத்தால் அகெரு

கேள்வி: ஜேஎல்பிடி என்4 (ஜப்பானிய மொழித் திறன்) தேர்வுக்குப் படிக்கிறேன். அகெரு, குரெரு இரண்டுக்குமே அகராதியில் 'கிவ்' என்றுதான் இருக்கிறது. 'தொமொதாச்சி கா வதாஷி நி ஹோன் ஓ அகெதா' (நண்பன் எனக்குப் புத்தகம் கொடுத்தான்) என்று எழுதினேன். தப்பு என்று அடித்துவிட்டார்கள். எப்படிப் பிரித்துக்கொள்வது?

பதில்: அந்த 'கிவ்'வை ஓரமாக வையுங்கள். தமிழுக்கு இது புதிதில்லை. தன்மைக்கும் முன்னிலைக்கும் 'தா', படர்க்கைக்குக் 'கொடு' என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் பிரித்து வைத்திருக்கிறது. எனக்குத் தந்தான், அவனுக்குக் கொடுத்தான். நாம் பேச்சில் கலந்துவிட்டோம். மலையாளத்தில் இன்றும் இந்த வேறுபாடு உயிரோடு இருக்கிறது.

குரெரு என்றால் பொருள் என் பக்கம் வருகிறது. அகெரு என்றால் என்னிடமிருந்து போகிறது, அல்லது யாரோ இருவருக்குள் கைமாறுகிறது. ஆக, உங்கள் வாக்கியம் 'குரெதா' என்று முடிய வேண்டும். அப்படி முடித்தால் 'வதாஷி நி' கூடத் தேவையில்லை. 'எனக்கு' என்பது வினையிலேயே அடங்கிவிடும்.

ஆனால் இரண்டு இடங்களில் தமிழ் காலை வாரிவிடும். 'உனக்குத் தருகிறேன்' என்போம். ஜப்பானியத்தில் அது அகெரு, பொருள் என்னைவிட்டுப் போகிறதே! அடுத்தது, 'நண்பன் என் தங்கைக்குக் கொடுத்தான்'. நமக்குத் தங்கை படர்க்கை. ஜப்பானியருக்கு அவள் என் ஆள், என் வீடு. அதனால் 'இமோதோ நி குரெதா'. தேர்வில் பலர் சறுக்குவது இங்கேதான்.

நினைவில் நிற்க ஒரு வழி: 'மிசு ஓ குதசாய்' (தண்ணீர் தாருங்கள்) உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் குதசாய், குரெருவின் மரியாதை வடிவமான குதசாருவிலிருந்து வந்தது. அதனால்தான் தண்ணீர் உங்களிடம் வருகிறது. நாய்க்குத் தண்ணீர் வைக்கச் சொல்வதானால் 'இனு நி மிசு ஓ அகெதே குதசாய்'. தண்ணீர் போவது நாய்க்கு, அதனால் அகெதே; கேட்கும் உதவி உங்களுக்கு, அதனால் குதசாய்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. உதவியைச் சொல்லும்போதும் இவை வினையோடு ஒட்டிக்கொள்ளும். 'ஒஷியெதே குரெதா' என்றால் சொல்லித்தந்தான். நன்றியும் அதிலேயே இருக்கிறது. ஆனால் ஆசிரியரின் பையைத் தூக்கப் போகும்போது 'மொத்தே அகெமாஸ்' (தூக்கித் தருகிறேன்) என்று சொல்லிவிடாதீர்கள், தயவு காட்டுவது போல ஒலிக்கும். அதையே பணிவாக 'ஓமொச்சி ஷிமாஸ்' என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொள்ளுங்கள்.