லிப்ஸ்லைட் என்றால் என்ன, ஏன் எல்லோரும் பின்பக்கம் விழுகிறோம்?

ஸ்கேட்போர்டில் இரும்புக் கம்பிமேல் சறுக்கும் வித்தைகளில் போர்ட்ஸ்லைட் வந்துவிட்டது, லிப்ஸ்லைட் மட்டும் வருகுதில்லை என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

இரண்டிலும் ஸ்கேட்போர்ட் கம்பிக்குக் குறுக்கே நின்று, அடிப்பக்கத்தின் நடுவால் சறுக்கும். போர்ட்ஸ்லைட்டில் முன்சில்லுகள் கம்பியைத் தாண்டும். லிப்ஸ்லைட்டில் பின்சில்லுகள் தாண்ட வேண்டும். அதாவது ஓலி அடித்து (பலகையின் வாலை, அதாவது பின்நுனியை, நிலத்தில் தட்டிப் பலகையோடு துள்ளி), வால் பக்கத்தைக் கம்பிக்கு மேலால் 90 பாகை சுழற்ற வேண்டும். கடினம் அங்கேதான்.

விழுவதற்குக் காரணம் பயம். பயந்தால் உடம்பு தானாகப் பின்னுக்குச் சாயும். பாரம் பின்னுக்குப் போனதும் கால்கள் பலகையை முன்னுக்குத் தள்ளிவிடும். பாசி பிடித்த கிணற்றடியில் நடந்து பார்த்திருப்பீர்கள்: பாரத்தைப் பாதத்துக்கு நேர் மேலே வைத்து நடந்தால் தப்பலாம், பின்னுக்குச் சாய்ந்து காலை நீட்டினால் மல்லாக்க விழவேண்டியதுதான். சரி, அதே கணக்குத்தான் இங்கேயும். தோள்கள் பலகைக்கு நேர் மேலே, முழங்கால் மடிந்து, பார்வை கம்பியின் முடிவில்.

வெல்டிங் கடையில் சதுர இரும்புக் குழாயில் முழங்காலுக்குக் கீழான உயரத்தில் ஒரு கம்பி செய்விப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் பலகையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கீறல் நடுவில் விழுந்திருந்தால் சரியான இடத்தில் இறங்கியிருக்கிறீர்கள். தலைக்கவசம் கட்டாயம்.

கம்பியில் மெழுகுதிரியை நிறையத் தேய்த்தால் லேசாக வரும் என்று பலர் நம்புகிறார்கள். கூடத் தேய்த்தால் பலகை நீங்கள் நினைப்பதைவிட வேகமாகக் காலடியிலிருந்து ஓடிவிடும்.